ஒரு பிழைதிருத்தம்

மலர்க்குழுவினரிடமிருந்து கட்டுரை கேட்டுக் கடிதம் வந்தபோது, எதைப்பற்றி எழுதுவதென்று நான் நெடுநேரம் சிந்திக்கவில்லை. 1965 ஆம் ஆண்டு நம் கல்லூரி உதைபந்தாட்ட அணியின் தலைவன் என்ற முறையில், கல்லூரிச் சஞ்சிகைக்கு நான் ஓர் அறிக்கை எழுதினேன். அதிலே ஒரு வாக்கியம் பிழையானது. அஃது அச்சுப்பிழையன்று, எழுதியவன் பிழை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னராயினும் அதனைத் திருத்துவது என் கடமை. அப்பிழையை எனக்கு உணர்த்தியதோ நம்மவர் பலர் கண்டுமிராத வேறொரு பந்தாட்டம். ஆதலால் முதலில் அவ்வாட்டத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. நம் மைதானத்து அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

அரச சேவையிலிருந்து இளைப்பாறிய பின்னர், மூத்த மகனுடன் வசிப்பதற்காகக் கலிபோர்னியாவுக்குச் சென்றேன். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு அண்மையிலே அவன் வீடு. அங்கே எனக்கு வாய்த்த ஆசிரியர் பன்னிரண்டு வயது நிரம்பிய என் பேரன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தொலைக்காட்சியின் முன் இருத்தி, அமெரிக்கர் ‘புட்போல்’ என வழங்கும் ஆட்டத்தை எனக்குக் கற்பித்தான். பெயர்தான் உதைபந்தாட்டம், பந்தைக் காலால் உதைப்பது அருமை. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், எறிவதும், ஓடுபவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவதுமே அதிகம். நம்மூர்க் கிளித்தட்டையும் மல்யுத்தத்தையும் ஒன்றாய்க் கலந்தாற்போன்றது என்று எண்ணிக்கொண்டேன்.

பக்கத்துக்குப் பதினொருவர், கோட்டுக்குக் கோடு நூறு யார் நீளமான களம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கினுள் பத்து யார் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். மூன்று முயற்சியிலும் முன்னேற இயலாதவர்கள், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

இவ்வாட்டத்தில் ஓர் அணியைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று தண்டம், மற்றையது பந்தைப் பறிகொடுத்தல். விதியை மீறினால் நடுவர் மஞ்சட் கொடியொன்றை எறிவார். குற்றத்தின் தன்மைக்கேற்ப அவ்வணி பெரும்பாலும் ஐந்து, பத்து அல்லது பதினைந்து யார் இழக்கும். காத்துநிற்கும் அணி செய்யும் சில குற்றங்களுக்கு, எதிரணிக்குப் புதிதாக நான்கு முயற்சிகளும் வழங்கப்படும். அரும்பாடுபட்டு எதிரியைத் தடுத்து நிறுத்தியவர்கள், தம்முள் ஒருவனுடைய பொறுமையின்மையால் மீண்டும் முதலிலிருந்து போராட வேண்டியவராவர். பறிகொடுத்தல் இதனினும் கொடிது. எறிந்த பந்தை எதிரி இடைமறித்துப் பிடித்தாலும், ஏந்தியவன் நழுவவிட்ட பந்தை எதிரி எடுத்தாலும் இரட்டை நட்டம். நம் வாய்ப்பும் போகின்றது. நம் எல்லைக்கு அண்மையிலே எதிரிக்கு வாய்ப்பும் உண்டாகின்றது. தண்டம் கடன் வட்டியைப் போலச் சிறிது சிறிதாகத் தின்னும். பறிகொடுத்தல் ஒரே இரவிற் புகுந்த கள்வனைப் போன்றது.

2011 ஆம் ஆண்டுப் பருவம் இவ்விரண்டையும் எனக்கு உதாரணங்களோடு போதித்தது. அக்காலத்தில் விரிகுடாவின் இருமருங்கிலும் புகழ்வாய்ந்த இரண்டு அணிகள் இருந்தன. கிழக்குக் கரையிலே ஓக்லாந்து ரெயிடர்ஸ். பின்னர் 2020 இல் அவ்வணி லாஸ் வேகாஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. மேற்கே சான் பிரான்சிஸ்கோ போர்ட்டி-நைனர்ஸ். 1849 ஆம் ஆண்டிலே பொன் தேடி வந்தவர்களை நினைவூட்டும் பெயர் அது.

ரெயிடர்ஸ் அணி அப்பருவத்தின் 16 ஆட்டங்களில் 163 தடவை தண்டிக்கப்பட்டது. இழந்த தூரம் 1,358 யார். அதற்கு முன்னர் எந்த அணியும் ஒரு பருவத்தில் இவ்வளவு தண்டம் பெற்றதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், பதின்மூன்று மைதானங்களின் நீளத்துக்கும் மேலாக அவர்கள் தம்மைத் தாமே பின்னோக்கித் தள்ளிக்கொண்டார்கள். அவ்வாறிருந்தும் வெற்றி எட்டு, தோல்வி எட்டு என்ற நிலையிலேயே பருவத்தை முடித்தார்கள் என்றால், அவர்களிடம் ஆற்றல் இல்லை என்று யார்தான் கூறுவர்? இறுதி நாளாகிய 2012 ஜனவரி 1 ஆந் திகதி வரையும் நம்பிக்கை இருந்தது. அன்று வென்றிருந்தால் தம் பிரிவில் முதலிடம் பெற்று மேற்சுற்றுக்குப் போயிருப்பார்கள். சான் டியேகோ அணியிடம் 38க்கு 26 என்ற கணக்கில் தோற்றார்கள். ஒரேயொரு வெற்றி குறைந்தது. அந்த 163 தண்டங்களுள் எது அவ்வெற்றியைத் தின்றது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. முடியாமையினாலேயே அவற்றிற்காக ஒருவர்மேலும் பழி விழவில்லை.

நைனர்ஸ் அணியின் கதை வேறு. 2010 இல் ஆறு ஆட்டங்களில் மாத்திரம் வென்ற அணி அது. 2011 இல் ஜிம் ஹார்போ என்னும் புதிய பயிற்சியாளரின் கீழ் 13 ஆட்டங்களில் வென்றது. மாற்றத்துக்குரிய காரணங்களுள் தலையாயது பந்தைப் பேணிய ஒழுங்கு. 16 ஆட்டங்களில் அவர்கள் பறிகொடுத்தது பத்தே தடவை. எதிரிகளிடமிருந்து பறித்தது 38 தடவை. பந்தை எறியும் பொறுப்புடைய அலெக்ஸ் சிமித், பருவம் முழுவதிலும் ஐந்து தடவைதான் எதிரியின் கையிற் பந்தை எறிந்தார். கஞ்சன் காசைக் காப்பதுபோலப் பந்தைக் காத்தார்கள். பேரன் ஒவ்வொரு வாரமும் அக்கணக்கைக் கொப்பியொன்றிற் குறித்து வந்தான்.

2012 ஜனவரி 22 ஆந் திகதி, நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியோடு அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டம். மழைநாள். வழமையாக எதிரி உதைக்கும் பந்தை ஏற்கும் வீரர் காயமுற்றிருந்தமையால், கைல் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் அப்பணிக்கு நிறுத்தப்பட்டார். நான்காம் பகுதியிலே நைனர்ஸ் 14க்கு 10 என முன்னணியில் இருந்தபோது, தரையில் உருண்டுவந்த பந்து அவருடைய முழங்காலிற் பட்டும் படாமலும் உரசிச் சென்றது. உரசிய பந்து யாருக்கும் உரியது, ஜயன்ற்ஸ் எடுத்துக்கொண்டது, சில நிமிடங்களில் முன்னேறிவிட்டது. நைனர்ஸ் மீண்டும் 17க்கு 17 எனச் சமப்படுத்தியது. மேலதிக நேரத்தில் அதே வில்லியம்ஸ் பந்தைப் பிடித்து ஓடுகையில், எதிரியொருவர் தட்ட, பந்து நழுவிற்று. பின்னர் 31 யார் தூரத்திலிருந்து ஓர் உதை. 20க்கு 17 என்று ஆட்டம் முடிந்தது. அன்று நைனர்ஸ் பறிகொடுத்தது இரண்டே தடவை. இரண்டும் ஒருவராலேயே நிகழ்ந்தன.

பேரன் அழுதான். “அப்பப்பா, இவன் ஒருவனாலே எல்லாம் போயிற்று” என்று கொப்பியை எறிந்தான். அவன் சிறுவன்; ஆனால் வளர்ந்தோர் சிலர் செய்தது அதனினும் கேவலம். அவ்விளைஞருக்குக் கொலைமிரட்டல்கள் அனுப்பப்பட்டதாகச் செய்தி வந்தது. அவருடைய தோழர்களோ அவரைக் கைவிடவில்லை. தோல்வி எல்லோருக்கும் உரியது என்றே கூறினார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பேரன் எறிந்த கொப்பியைத் தானே எடுத்துவந்து, பத்திரிகையிலிருந்த ஆட்டக் கணக்கை எழுதத் தொடங்கினான். ஓரிடத்தில் அவன் பேனா நின்றது. அன்றைய ஆட்டத்தில் நைனர்ஸ் அணிக்கு மூன்றாம் முயற்சி 13 தடவை வந்திருக்கின்றது. அவற்றுள் வேண்டிய தூரத்தை எட்டியது ஒரே தடவை. பன்னிரண்டு தடவை தவறியிருக்கின்றது. அவன் நிமிர்ந்து பார்த்து, “அப்பப்பா, மற்றப் பன்னிரண்டும் யாருடைய பிழை?” என்று கேட்டான்.

அவன் கேட்டது கைல் வில்லியம்சைப் பற்றி. என் காதில் விழுந்தது வேறொருவரைப் பற்றி.

1965 ஆம் ஆண்டிலே நம் அணி நன்றாக ஆடியது. இறுதியாட்டத்துக்கு நாம் சென்றபோது நிலைமை இது: வென்றாலும் முதலிடம் நமது, சமநிலையில் முடிந்தாலும் முதலிடம் நமது. அன்றும் மழைத் தூறல். தொடக்கத்திலேயே நாம் ஒரு கோல் போட்டுவிட்டோம். சிறிது நேரத்தின் பின் எதிரணியின் முன்வரிசைக்காரர் ஒருவர் என் கணுக்காலில் உதைத்தார். நடுவர் காணவில்லை. பொறுத்திருக்க வேண்டியவன் நான், அணித்தலைவன் வேறு. ஆனால் அடுத்த முறை அவர் நமது கோலுக்கு அண்மையில் வந்தபோது, பந்து எங்கோ போய்விட்டது என்று தெரிந்திருந்தும், அவரை இடித்து வீழ்த்தினேன். தண்ட உதை வழங்கப்பட்டது. கோல் ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று. இடைவேளையில் தோழர்கள் நடுவரையும் அம்முன்வரிசைக்காரரையும் நொந்தார்களேயன்றி என்னை ஒருவரும் நோகவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், எனக்கு ஒரு வகுப்புக் குறைந்த பின்வரிசைத் தம்பியொருவர், தம் காலுக்கு வந்த பந்தை உடனே வெளியே உதைக்காது, திருப்பி விளையாட முயன்றார். ஈரப் புல்லில் வழுக்கினார். பந்து எதிரியின் காலுக்குச் சென்றது. இரண்டாவது கோல் விழுந்தது, முதலிடமும் போயிற்று.

மறுநாட் காலை அவருடைய வகுப்புக் கரும்பலகையில் யாரோ ஒரு பட்டப்பெயரை எழுதியிருந்தார்கள். ஒரு தவணை முழுவதும் அப்பெயர் அவரைத் தொடர்ந்தது. நான் தலைவன், ஒரு சொற் சொல்லியிருந்தால் நின்றிருக்கும், சொல்லவில்லை. பின்னர் அறிக்கை எழுதும்படி ஆசிரியர் பணித்தபோது, “இறுதியாட்டத்தில் பின்வரிசையாளர் ஒருவரின் கவலையீனத்தினால் முதலிடத்தை இழந்தோம்” என்று எழுதினேன். அஃது அவ்வாறே அச்சேறியது. அடுத்த ஆண்டு அணிக்கு ஆட்சேர்த்தபோது அவர் பெயர் கொடுக்கவில்லை என்று அறிந்தேன்.

பேரனின் கேள்விக்குப் பின்னர், அன்றிரவு நான் ஒரு கணக்குச் செய்தேன். எவரும் செய்யக்கூடிய சிறு கணக்கு. அவர் வழுக்கியது மாத்திரம் நிகழ்ந்து, நான் சினங்கொள்ளாது விட்டிருந்தால் ஒன்றுக்கு ஒன்று, முதலிடம் நமது. நான் சினந்தது மாத்திரம் நிகழ்ந்து, அவர் வழுக்காது விட்டிருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று; முதலிடம் நமது. இரண்டும் சேர்ந்தே நம்மைத் தோற்கடித்தன. பாதிப் பங்கு என்னுடையது. அவருடையது பின்னால் நிகழ்ந்தமையால் எல்லார் கண்ணிலும் நின்றது. என்னுடையது முன்னால் நிகழ்ந்தமையால் மறைந்தது. அன்றியும் அவர் வழுக்கியது ஈரத்தில். நான் இடித்தது தெரிந்தே.

குற்றங்களை எண்ணிவிட்டால் வெற்றி தோல்வி தெரிந்துவிடும் என்று நான் கூறவரவில்லை. 2013 ஆம் ஆண்டுப் பருவத்திலே அமெரிக்காவில் மிகுதியாகத் தண்டிக்கப்பட்ட சியாற்றில் அணியே அப்பருவத்தின் வெற்றிக் கேடயத்தையும் பெற்றது. தண்டத்தால் இழந்ததை அவ்வணி பந்தைப் பறிப்பதிலும் பேணுவதிலும் ஈடுசெய்தது. அவ்வகையில் அவ்வாண்டு அதனை மிஞ்சிய அணி இல்லை. முட்டை வடிவான பந்து தரையில் விழுந்தால் எப்பக்கம் துள்ளும் என்பதை எவராலும் அறிய இயலாது. பறிகொடுத்தலில் அதிட்டத்துக்கும் ஒரு பங்குண்டு. இவையெல்லாம் உண்மை. ஆயினும் அதிட்டத்தின் பங்கைக் கழித்த பின் எஞ்சுவது நம் பங்கு. அதனைப் பிறர் கணக்கில் எழுதுவது நேர்மையன்று.

திருவள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். அளவுகடந்த கோபத்தினும், பெருமகிழ்ச்சியிலே தோன்றும் மறதி தீயது என்பது அதன் முதற் குறளின் கருத்து. மாணவப் பருவத்தில் அதனைப் பாடஞ்செய்து பரீட்சையில் ஒப்புவித்தேன். கோபம் தண்டத்தையும், மறதி பறிகொடுத்தலையும் விளைவிப்பது என இன்று அதனைப் பொருத்திப் பார்க்கின்றேன். என் அனுபவத்தில் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. முதற் கோலின் களிப்பு என் தலைக்கேறியிருந்தது. அதனாலன்றோ ஓர் உதையைப் பொறுக்க மாட்டாதவனானேன்.

இன்று நம் மைதானத்தில் ஓடியாடும் மாணவத் தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. பருவம் முடிந்ததும் கடைசியாகப் பந்தைத் தவறவிட்டவனைத் தேடாதீர்கள். அவன் தானே தன்னைக் கண்டுபிடித்துவிடுவான். அதற்கு முன் நிகழ்ந்த பன்னிரண்டையும் தேடுங்கள். அறிக்கை எழுதுபவன் தன் பெயரிலிருந்து தொடங்கட்டும்.

பேரன் இப்போது வளர்ந்துவிட்டான். மேற்படி கதையை அவனுக்கு முதலிற் சொன்னபோது, “அவரிடம் சொன்னீர்களா, அப்பப்பா?” என்று கேட்டான். இல்லை என்றேன். பல நாடுகளிற் சிதறிய நம்மவருள் அவர் எங்கிருக்கின்றார் என்பதை நான் அறியேன். விழாமலர்கள் எங்கும் செல்லும் என்ற நம்பிக்கையில் இதனை எழுதுகின்றேன்.

நண்பரே, இம்மலர் உங்கள் கைக்கு எட்டுமாயின், 1965 ஆம் ஆண்டுச் சஞ்சிகையின் உதைபந்தாட்ட அறிக்கையில் அந்த வாக்கியத்தைப் பின்வருமாறு திருத்தி வாசிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்: “அணித்தலைவனின் கோபத்தினாலும், பின்னர் ஈரப் புல்லில் நேர்ந்த ஒரு வழுக்கலினாலும், முதலிடத்தை இழந்தோம்.”