அப்புத்தளைக் குட்டி வீடுகள்

அப்புத்தளைக் கடைவீதியில் நின்றால், வானம் வெளித்த காலைகளில் தெற்கே தாழ்நிலம் வெகுதூரம் வரை விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். நான் போன நாட்களில் பெரும்பாலும் புகார்தான் தெரிந்தது. கீழிருந்து மெல்ல ஏறி வந்து, தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எதிர்க்கடையையே மறைத்துவிடும். இந்தப் புகாரை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நான் எழுதப் போகும் வீடுகளின் முதல் எதிரி அதுதான். அவை அட்டையால் செய்தவை.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மகளிர் சேமிப்புக் குழுவைச் சந்திப்பதற்காகத் தம்பேதன்னை வீதியிலிருந்து கீழிறங்கும் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். கூட்டம் ஒரு லயத்தின் இஸ்தோப்பில் நடந்தது. அந்தக் காம்பராவுக்குரிய பெண்ணுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. முன்னர் கொழுந்து பறித்தவர். தண்ணீர் கேட்டு உள்ளே போனபோது, அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வரிசையாகக் குட்டி வீடுகளைக் கண்டேன். கோயில், தேயிலை ஸ்டோர், துரை பங்களா, பீலிக்கரை எல்லாம் இருந்தன. பக்கத்துக் காம்பராக்காரர் நத்தாருக்குப் பாலன் குடில் கட்டியபோது விளையாட்டாக ஒரு வீடு செய்து கொடுத்தாராம். அதன் பிறகு கைகள் சும்மா இருக்கவில்லை.

“இதெல்லாம் என்னா மிஸ், பொழுதுபோக்கு. இதுக்கு யாரு காசு கொடுப்பா?” என்று சிரித்தார்.

அவற்றின் வேலைப்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொருட்கள் வரும் அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே அலை அலையாக ஒரு தாள் இருக்கும். அதற்கு வெள்ளிநிறமும் ஆங்காங்கே செம்மண் நிறமும் பூசிவிட்டால் அச்சு அசல் துருப்பிடித்த தகரக் கூரை. முட்டைத் தட்டைக் கிள்ளி ஒட்டினால் கருங்கல் சுவர். குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் பசையில் உருட்டினால் தேயிலைச் செடி. தேயிலையைக் கொண்டே தேயிலை மலை! புகாருக்கு அட்டை ஊறிப் பூஞ்சணம் பிடிப்பதால், அடுப்புக்கு மேல் சில நாட்கள் உலர்த்திய பிறகே வார்னிஷ் அடிப்பார். அவசரப்பட்டு ஈரத்தோடு அடித்தவை எல்லாம் கொப்புளம் போட்டு வீணாயின.

இத்தகைய சிற்றுரு வீடுகளுக்கு உலகில் பெரிய வரலாறு உண்டு. பிரித்தானிய அரசி மேரிக்காகக் கட்டடக் கலைஞர் லுட்யென்ஸ் வடிவமைத்த பொம்மை வீடு 1924இல் முடிந்தது. வின்ட்சர் கோட்டையில் வைக்கப்பட்டது. அங்கே நிஜத்தின் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது அளவு. அந்தக் கணக்கில் பத்துக்குப் பன்னிரண்டு அடியான நம் லயக் காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலமாகும். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்ற இடம் ஒரு தேத்தண்ணீர்த் தட்டில் அடங்கிவிடும். ஆனால் முதுகுப்பையோடு வரும் பயணிக்கு அதுவும் பெரிது. அடிக்குக் கால் அங்குலம் என்று குறைத்தோம். காம்பரா மூன்று அங்குல நீளமாயிற்று.

வியாபாரத்துக்கு எந்த வீட்டைச் செய்வது? எனக்கு உடனே தோன்றியது அடிஷாம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கருங்கல் மாளிகை அது. கென்ட் மாவட்டத்தில் தாம் வளர்ந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். அறுபதுகளிலிருந்து அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். துறவிகள் செய்யும் ஜாமும் கொய்யா ஜெலியும் அங்கே விற்பனையாவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்க வந்தவர் கையில் ஒரு போத்தலோடுதான் திரும்புவார். அதே ஆட்களுக்கு பங்களாவையும் விற்கலாமே என்பது என் கணக்கு. அடுத்தது, லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை.

கடைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசினோம். ‘சின்ன வீடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று ஒருத்தி சொல்ல, குழுவே விழுந்து விழுந்து சிரித்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். விலை குறைவாக இருந்தால்தான் விற்கும் என்று நினைத்து அடிஷாமுக்கு 1,500 ரூபா விலை போட்டேன். நகரில் ஒரு கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு தரகுக்கு வைக்க ஒப்புக்கொண்டார். நாலைந்து வீடுகள் விற்றன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒக்டோபரில்தான், கலண்டரில் வேலைநேரத்தைக் குறித்து வரும்படி அவரிடம் சொன்னேன். ஒரு பங்களாவுக்கு இருபது மணித்தியாலம். 1,500இல் கடைக்கு 500 போக 1,000. அட்டை, பெயின்ட், பசை, வார்னிஷுக்கு 350. மிச்சம் 650. மணிக்கு முப்பத்திரண்டரை ரூபா! அதற்கு முந்திய மாதம்தான் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்திருந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி என்று வைத்தாலும், இருபது மணிக்குக் கூலி மட்டும் 3,375 ரூபா. சம்பளப் போராட்டம் பற்றிக் கருத்தரங்குகளில் பேசிய நான், ஒரு பெண்ணின் உழைப்புக்குத் துரைமாரைவிடக் குறைவாக விலை போட்டிருக்கிறேன். அவர் விரும்பிச் செய்கிறார், பொழுதுபோக்குத்தானே என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் நாம் கணக்கில் சேர்க்காதது இதே எண்ணத்தால் அல்லவா?

அச்சு வைத்துச் சாந்து ஊற்றினால் ஒரே நாளில் பத்து வீடு செய்யலாம் என்று ஒரு பயிற்சியாளர் ஆலோசனை சொன்னார். இங்கிலாந்தில் பென்றித் என்ற ஊரில் டேவிட் டேற் என்பவர் 1982இல் தொடங்கிய ‘லிலிபுட் லேன்’ நிறுவனம் அப்படித்தான் நாட்டுப்புறக் குடிசைகளை வார்த்துக் கையால் வர்ணம் தீட்டி விற்றது. சேகரிப்போர் போட்டி போட்டு வாங்கினார்கள். அந்தப் புகழும் குறைந்து 2016இல் உற்பத்தி நின்றது. எங்களிடம் அச்சுக்கு முதலீடும் இல்லை. கடன் கேட்கலாமென்றால், குடியிருக்கும் காம்பராவுக்கு அவர் பெயரில் உறுதி இல்லை. வீடு செய்து விற்பவருக்கு ஈடுவைக்க ஒரு வீடில்லை. ஆகவே பங்களாவை முன்பதிவுக்கு மட்டும் 5,000 ரூபாவாக ஒதுக்கிவிட்டு, ஆறு மணித்தியாலத்தில் முடியும் ஒன்றைத் தேடினோம்.

“லயம் செய்றேனே மிஸ்” என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. வறுமையைக் காட்சிப்பொருளாக்கி வெள்ளைக்காரருக்கு விற்பதா என்று நீண்ட விளக்கம் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பங்களாவ வித்தா சரி, நம்ம வீட்ட வித்தா வெக்கமா? பங்களாவுக்குள்ள நான் ஒரு நாளும் போனதில்ல. லயத்துல எந்த எடத்துல ஒழுகும்னு எனக்குத் தெரியும்.”

எட்டுக் காம்பரா லயம் முழுதாகச் செய்தால் இருபது அங்குலம் வரும், பையில் அடங்காது. மூன்று காம்பராவாக வெட்டி, ஏழரை அங்குலத்தில் செய்தார். இஸ்தோப்பில் கொழுந்துக் கூடை, கொடியில் படங்கு, கூரைமேல் காற்றுக்குப் பாரமாகக் கற்கள். விலை 1,500. இம்முறை கடைக்குக் கொடுக்காமல் சேமிப்புக் குழுவே நேரடியாக விற்றது. பயணிகள் வாங்கினார்கள், ஆனால் பங்களா அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் எதிர்பாராத ஒருவர் டிசம்பரில் வந்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர். கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் புதையுண்ட லயங்களில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அந்த மலை ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் சனங்கள் அங்கேயே இருக்க நேர்ந்த கதையை நாடே அறியும். அவரிடம் வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. “எங்க காம்பராவச் செஞ்சு தருவீங்களாக்கா?” என்று கேட்டார்.

அக்கா ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். பக்கவாட்டில் எத்தனையாவது கதவு? அடுப்பு எந்த மூலையில்? சாமிப்படம் எங்கே? அவர் கண்ணை மூடி யோசித்துப் பதில் சொன்னார். சாதாரணமாகச் செய்வதுபோலக் கூரைக்குத் துரு நிறம் கலக்கத் தொடங்கியபோது தடுத்தார். “இல்லக்கா, எங்களுக்குப் புதுத் தகரம். அந்த வருசந்தான் அப்பா மாத்துனாரு.” வெள்ளிநிறம் மட்டும் பூசினார்.

முடிந்ததும் அவரிடம் காசு வாங்க வேண்டாமென்று நான் கண்ணைக் காட்டினேன். அக்கா 1,500 ரூபாவை எண்ணி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் போனபின் என்னிடம், “சும்மா கொடுத்தா அந்தத் தம்பி இன்னொருத்தர அனுப்ப வெக்கப்படும் மிஸ்” என்றார்.

2025 ஜனவரியில் நான் மறுபடி போனபோது கொப்பியில் மேலும் மூன்று பெயர்கள் இருந்தன. ஒருவர் தன் காம்பராவோடு பக்கத்திலிருந்த பிள்ளைக் காம்பராவையும் கேட்டிருந்தார். அதன் தொட்டில் சேலைகளுக்கு மெல்லிய துணி வேண்டுமென்று, பண்டாரவளைக்குப் போனால் தையல்கடையில் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி வரும்படி என்னிடம் பத்து ரூபாத் தாள்கள் சிலவற்றைக் கொடுத்தார்.