சாம் கூடாரமா, கூரி மண்வீடா?

கானமயில் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசைங்க. ஆண் பறவை 15 கிலோ வரைக்கும் இருக்குமாம். மாட்டைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு மகனோட ஜெய்சல்மேர் பக்கம் பாலைவன தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினேன்.

அவன் ஓசூர்ல கம்பெனி வேலை. சாம் மணல்மேட்டுல கூடாரம் போடலாம்னான். ராத்திரியெல்லாம் பாட்டும் ஆட்டமுமாம். பறவை பாக்கப் போறவனுக்கு அது எதுக்கு? கூரி கிராமத்துல ஒரு மண்வீட்டுல தங்கலாம்னேன். "ஊர்லயும் மண்வீடு, இங்கயும் மண்வீடாப்பா?" மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

கம்பு ரொட்டி தின்னுட்டு ஒரே அறையில படுத்தோம். டிசம்பர் குளிரு, ரெண்டு கம்பளி பத்தலை. இருட்டுல திடீர்னு கேட்டான்: "வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடவாப்பா?"

காலையில பேசலாம்னேன். விடியறதுக்குள்ள ஜீப் வந்துடுச்சு, சுதாசரிக்குப் போயிட்டோம். தூரத்துல ஒரே ஒரு கானமயில். அந்தப் பேச்சு இன்னும் பாக்கி.