தூரம் மாறவில்லை, நேரம் மாறியது

ஏப்ரல் 22

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே நில்லாமல் பறக்கும் விமான சேவையைப் பின்ஏர் நிறுவனம் தொடங்கியது 1983ஆம் ஆண்டின் இதே நாளில். இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். இது பெருவட்டத் தூரம், அதாவது கோளமாகிய புவியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைவின் நீளம். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடிழுத்தால் அது மத்திய ஆசியாவின் மீது செல்லும். உண்மையான குறுவழியோ ஹெல்சிங்கியிலிருந்து வடகிழக்காக ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி, சைபீரியாவின் மீது வளைந்து ஜப்பானுக்கு இறங்குகிறது.

ஆயினும் அந்த முதல் விமானம் இவ்வழியே செல்லவில்லை. சோவியத் ஒன்றியம் தன் வான்வெளியை அயல்நாட்டு விமானங்களுக்கு எளிதில் திறந்துவிடாத காலம் அது. 1957இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ், கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் எரிபொருள் நிரப்பி டோக்கியோ செல்லும் துருவ வழியைத் தொடங்கியிருந்தது. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானத்தால் பின்ஏர் அந்த இடைநிறுத்தத்தை நீக்கியது. எனினும் வடதுருவத்தையும் பெரிங் நீரிணையையும் சுற்றியதால் பயணம் சுமார் 13 மணி நேரம் நீண்டது.

ஏப்ரல் 23

சைபீரிய வழி பின்னர் திறந்தபோது பயணம் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 7,800 கிலோமீட்டரைக் கடக்க எட்டே முக்கால் மணி நேரம் போதும்; ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் எஞ்சிய நேரத்தைக் கொள்கின்றன. திரும்பும் பயணம் சற்று நீளும். மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் விரைந்தோடும் தாரைக் காற்று அப்போது எதிர்க்காற்றாகிவிடுகிறது.

ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி தன்னுடையதே என்று ஹெல்சிங்கி விமான நிலையம் வளர்ந்தது இந்த வளைவை நம்பியே.

ஏப்ரல் 26

2022 பிப்ரவரி 28 அன்று, உக்ரைன் போரையொட்டி ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைக்கு எதிர்நடவடிக்கையாக, 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. அடுத்த மாதமே பின்ஏர் விமானங்கள் மீண்டும் துருவ வழிக்குத் திரும்பின. பயண நேரமும் பழையபடி ஏறத்தாழ 13 மணியானது. துருவத்தைத் தொட்டுப் பெரிங் நீரிணை வழியே கணக்கிட்டால் தூரம் 10,600 கிலோமீட்டருக்குக் குறையாது. காஸக்ஸ்தான், சீனா வழியான தென்வழியும் இதற்கு மாற்றாகப் பயன்படுகிறது. கூடும் ஒவ்வொரு மணி நேரமும் கூடுதல் எரிபொருளையும் பணியாளர் உழைப்பையும் கோருவதால், புவியியல் அளித்த சலுகையை அரசியல் பறித்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

பெருவட்டத் தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்துப் பயண நேரம் கூறும் கணக்குகள் இந்நகரங்களுக்கு இன்றும் ஒன்பது மணி நேரத்தையே தரும். பயணத்தைத் திட்டமிடுவோர் அக்கணக்கை நம்பாமல், விமான நிறுவனத்தின் நடப்புக் கால அட்டவணையைப் பார்ப்பதே தக்கது.