பெரியப்பாவின் லென்ஸ்

படம் எடுப்பது எனது தொழிலல்ல. சமூகவியல் படித்துப் பட்டம் பெற்ற பின்னர், கிராமம் கிராமமாகச் சென்று பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சந்திப்பதே எனது வேலை. ஆயினும் இந்தப் பணியில் கமரா ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது. தையல் வகுப்பு ஆரம்பித்தால் படம், கோழிக்கூடு கொடுத்தால் படம், கூட்டம் வைத்தால் படம். எல்லாம் அறிக்கையில் ஒட்டுவதற்கு. ஒருநாள் தையல் வகுப்பில் ஓர் அக்கா முகத்துக்கு நேரேயே கேட்டார்: "எத்தினை பேர் வந்து எங்களைப் படம் எடுத்துக்கொண்டு போட்டினம். ஒருத்தராவது ஒரு படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தவையே, தங்கச்சி?" என்னிடம் பதில் இருக்கவில்லை. நானும் அந்த ஆட்களில் ஒருத்திதானே.

எங்கள் அலுவலகத்தில் இருந்தது 2011இல் வெளிவந்த கனன் 1100டீ கமரா. ஒருமுறை மோட்டார் சைக்கிளில் இருந்து பை விழுந்ததில் அதன் லென்ஸ் அடிபட்டு, தானாகக் குவியும் வசதி போய்விட்டது. புதிது வாங்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. அந்த நேரத்தில்தான் பெரியம்மா தனது றங்குப்பெட்டியைத் திறந்தார்.

பெரியப்பா யாழ்ப்பாணத்தில் சிறிய ஸ்ரூடியோ ஒன்று வைத்திருந்தவர். அவருடையது அசாகி பென்டாக்ஸ் ஸ்பொட்மாற்றிக். 1964இல் யப்பானில் வெளிவந்த மாதிரி. வெளிச்சத்தை அளக்க மாத்திரமே அதற்குப் பற்றரி வேண்டும், மற்றதெல்லாம் பற்றரி இல்லாமலே இயங்கும். பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பற்றரி கிடைக்காதிருந்த தொண்ணூறுகளில், பிலிம் அகப்பட்ட நாட்களில் அவர் தொழில் செய்தது அதனால்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் அவர் தூக்கிக்கொண்டு நடந்தது அந்தப் பையைத்தான். (சமையல் பாத்திரங்களை விட்டுவிட்டு வந்தாரே என்று பெரியம்மா இன்றைக்கும் ஏசுவார்.) பிறகு வறுமையில் கமராவை விற்றார். 55 மில்லிமீற்றர் லென்ஸில் பூஞ்சணம் பிடித்திருந்ததால் வாங்கியவர் அதை வேண்டாமென்று விட்டுப்போனாராம். அந்த லென்ஸும் உள்ளே கண்ணாடி எதுவுமில்லாத மூன்று கறுப்பு வளையங்களும் என் கைக்கு வந்தன. வளையங்கள் எதற்கென்று பெரியம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பழைய லென்ஸ் புதிய கமராவில் பொருந்துமா? அந்த லென்ஸ் போத்தல் மூடியைப் போலத் திருகிப் பூட்டுவது. எம்42 என்பார்கள். கனனிலோ வைத்துச் சற்றுத் திருப்பினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய உலோக வளையம் ஒன்று போதும். அதற்கு அடப்டர் என்று பெயர். லென்ஸ் பூட்டும் இடத்திலிருந்து உணரி வரையான தூரம் பழைய திருகுக் கமராவில் 45.46 மில்லிமீற்றர், கனனில் 44. மீதி ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளிக்குள் அடப்டர் அடங்கிவிடுகிறது. நிக்கோனில் அந்தத் தூரம் 46.5. ஆகையால் அதில் இதே லென்ஸைப் பூட்டினால் கிட்டவுள்ளது தெளியும், தூரத்துப் பனைமரம் தெளியாது. நிக்கோன் வைத்திருக்கும் தோழி ஒருத்தி இதை அறியாமல் அடப்டர் வாங்கி ஏமாந்தாள்.

பூஞ்சணத்தை யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவர் கழற்றித் துடைத்துத் தந்தார். ஓரத்தில் சிலந்தி வலைபோல ஒரு கறை இன்னும் இருக்கிறது. படத்தில் அது தெரிவதில்லை.

முதற் கிழமை தையல் வகுப்பில் நாற்பது படம் எடுத்தேன். மூன்றுதான் தெளிவு. கமரா லென்ஸை அடையாளம் காணாது. துவாரத்தின் அளவு வரவேண்டிய இடத்தில் 00 என்று காட்டும். தெளிவை நாமே வளையத்தைத் திருப்பிப் பிடிக்கவேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. இந்தக் கமராக்களின் துளைக் கண்ணாடி தானியங்கி லென்ஸுக்கென்று செய்யப்பட்டது, மயிரிழைப் பிழையைக் காட்டித் தராது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பின்பக்கத் திரையில் பார்த்து, பத்து மடங்கு பெருப்பித்து, பின் வளையத்தைத் திருப்பப் பழகினேன். இதற்கு நேரம் எடுக்கும். "அசையாமல் இருங்கோ அக்கா" என்று கெஞ்சவேண்டும். அவர்கள் சிரிப்பார்கள், கதை தொடங்கும். அவசரமாய் எடுத்த நாட்களில் நான் கேட்காத கதைகள் அவை.

இனி அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அங்கு சென்றுவந்தவர். ஏனைய தாய்மார் பிள்ளைகளின் பெரிய படங்களை ஏந்தியிருக்க, அவர் பெயர் எழுதிய மட்டையை மட்டும் பிடித்திருப்பார். மகனின் படம் இல்லையென்றே நான் நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது, சொப்பிங் பைக்குள் சொப்பிங் பையாகச் சுற்றிய ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். முத்திரையளவு. பாடசாலை அட்டைக்கு எடுத்து மிஞ்சியது. 2009இல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளால் வந்தபோது ஒரு மூலை கரைந்துபோயிருந்தது.

பெருப்பிக்க ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "ஒருக்கா ஒருதரிட்டக் குடுத்து நாலு மாசமாத் திரிஞ்சு வாங்கினனான். இனி என்ர கையை விட்டுப் போகாது பிள்ளை." கடைக்கு அவரையே அழைத்துப் போகலாமென்றால், காலில் செல் துண்டு. பஸ் ஏறி இறங்க இயலாது. எனது கைத்தொலைபேசியில் எடுத்துப் பார்த்தேன். தொலைபேசியின் நிழலே படத்தில் விழுந்தது. முகத்தையும் அது தானாகவே மெழுகிப் பொம்மை முகமாக்கிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "இது அவனில்லை" என்றார்.

அதற்குள் அந்த மூன்று வளையங்களின் வேலையை நான் படித்திருந்தேன். லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் அவற்றைப் பூட்டினால் லென்ஸ் முன்னுக்குத் தள்ளிப்போகும். அப்போது மிகக் கிட்டவுள்ள சிறிய பொருள் பெரிதாக விழும். பெரியப்பாவும் அடையாள அட்டைப் படங்களை இப்படித்தான் பிரதி எடுத்திருப்பார் போலும்.

அடுத்த கிழமை போனேன். யன்னலோரம் கதிரையில் பலகையைச் சாய்த்து, அதில் படத்தை வைத்தோம். விரலை எடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. பெருவிரலால் ஓரத்தை அழுத்திக்கொண்டே இருந்தார். முதலில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைப் பலகையோடு பிடித்தேன். லென்ஸின் விம்பம் திரையின் நடுவில் தெரிந்தால் கமரா நேராக நிற்கிறது என்று பொருள். இரண்டு வளையம் பூட்டினேன். லென்ஸுக்கும் படத்துக்கும் ஒரு சாணுக்கும் குறைவு. பிளாஷ் போடவில்லை, பக்கத்து யன்னல் வெளிச்சம் மட்டும். தெளிவு பார்க்க லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, எடுக்கும்போது எட்டாம் இலக்கத்துக்குச் சுருக்கவேண்டும். இந்த லென்ஸில் அதற்கென்றே ஒரு சிறு ஆளி இருக்கிறது.

திரையில் சாம்பல் நிறப் புகைதான் தெரிந்தது. "அம்மா, நீங்களே திருப்புங்கோவன்" என்று வளையத்தில் அவரது மற்றக் கையை வைத்தேன். பயந்து பயந்து திருப்பினார். புகைக்குள்ளிருந்து ஒரு காது வந்தது, பிறகு வாய், பிறகு கண். கொஞ்சம் கூடப் போய்விட்டது. "ஐயோ, போட்டான்" என்றார். "பின்னுக்குத் திருப்புங்கோ." திருப்பினார். மகன் திரும்ப வந்தான். இடது புருவத்தின் மேல் கோடுபோல ஒரு தழும்பு தெரிந்தது. "கிணத்துக்கட்டில விழுந்தது. இவ்வளவு நாளும் இந்தப் படத்தில இது எனக்குத் தெரியேல்லை." பத்து விநாடி தாமதத்தில் கமராவைப் படம் எடுக்க விட்டுவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"உதுக்குள்ள இருக்கிறதை என்ன செய்வாய்?" என்று கமராவைக் காட்டிக் கேட்டார். அறிக்கைக்கு எடுக்கமாட்டேன் என்றேன். பெரிதாக அச்சிட்ட இரண்டு படங்களையும், கோப்பு அடங்கிய பென்ட்ரைவையும் கொண்டுபோய்க் கொடுத்து, எங்களிடம் இருந்ததை அவர் முன்னிலையிலேயே அழித்தேன். ஓரத்தில் அவரது பெருவிரல் நகம் விழுந்த படத்தையும் வெட்டாமல் கொடுத்திருந்தேன். அதைத்தான் வீட்டில் மாட்டினார். மற்றது கொட்டிலுக்குப் போனது.

தையல் வகுப்பு அக்காவின் படத்தை வருகிற புதன்கிழமை கொண்டுபோகிறேன். ஊசியில் நூல் கோர்க்கும் படம். முகம் சற்று மங்கல்தான். ஊசி மட்டும் நல்ல தெளிவு. ஏசுவார், எனக்குத் தெரியும்.