ஓடைக்கரையில் ஒரு கீற்றுச் சோலை

கோத்தகிரியை ஒட்டியுள்ள லாங்வுட் சோலைக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்துவிடுகிறது. காலடியில் பஞ்சுபோல ஈரமண். 116 ஹெக்டேர்தான், ஆனாலும் 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த காடு. கீழேயுள்ள கிராமங்களுக்கு இதுதான் தண்ணீர்த் தொட்டி.

சோலையைத் தாண்டினால் தேயிலை. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், தன் நிலத்து ஓடைக்கரையைக் காட்டினார். சீகை மரமும் உன்னிச்செடியும் மண்டிக்கிடந்தன. கோடையில் ஓடை வற்றிவிடுகிறதாம்.

“நாட்டு மரம் வைக்க ஆசைதாங்க. மானியம் வாங்கி நட்டுட்டு, நாளைக்கு வெட்ட முடியலைன்னா என்ன பண்றது?” என்றார்.

நியாயமான பயம். 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் மரம் வெட்ட முடியாது. அதனால் தேயிலைக்கு நடுவே வேண்டாம். வெட்டவே தேவைப்படாத ஓடைக்கரையில் ஒரு கீற்று போதும். நாவல், காட்டுச் செண்பகம் நடலாம். உன்னியை வேரோடு எடுங்கள். சீகையை மட்டும் ஒரேயடியாக அகற்றாதீர்கள். இளம் சோலைக் கன்றுக்கு நிழல் வேண்டும்.

மானியம்? 2021-ல் அறிவிக்கப்பட்ட நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்றுகள் இலவசம்; பிழைத்த கன்றுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. ஆனால், அது விளைநிலத்தில் தடிமரம் வளர்ப்பதை மனதில் வைத்த திட்டம். எனவே, நடும் முன்பே தோட்டக்கலை அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த ஆண்டு நம் வட்டாரத்துக்கு மானியம் உண்டா? சோலைக் கன்றுக்கும் பொருந்துமா? பராமரிப்புக்கு எத்தனை ஆண்டு பணம் வரும்?

நடுவது ஒருநாள் வேலை. பிழைக்க வைப்பதுதான் செலவு.

“மானியம் வந்தா சரி. வராட்டியும் இருபது கன்று வைக்கிறேன், ஓடை என்னுதுதானே!” என்றார் அவர்.