மிளகாய்க் கரிசலில் மாதம் ஆயிரம்

பரமக்குடியில் பேருந்து ஏறி முதுகுளத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே சீமைக்கருவேலங்காடும் கரிமூட்டப் புகையும் கண்ணில் படும். நான் போனது பங்குனி மாதம். ஊருக்கு ஊர் களத்தில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பேருந்துக்குள்ளேயே நாலைந்து பேர் தும்மினார்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இதுதான்.

மிளகாயைப் பார்க்க நான் போகவில்லை. ‘மாதம் ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு விவசாயக் குடும்பம் என்ன செய்துவிட முடியும்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் எழுத மனம் வரவில்லை.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மேல் சேர்ந்தார்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த மானாவாரிப் பூமியில் பெரும்பாலான குடும்பங்கள் அதற்குள் அடங்கிவிடும்.

ஒரு களத்தில் மிளகாய் கிண்டிக்கொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு ஏக்கர் குத்தகைச் சாகுபடி.

“புரட்டாசியில விதைச்சா மாசியிலதான் தம்பி முதப் பழம் எடுக்கணும். இடையில அஞ்சு மாசம் கையில காசு இருக்காது. களை வெட்டக் கூலி, பிள்ளைக்குக் காய்ச்சல், கேஸ் சிலிண்டர், எல்லாத்துக்கும் கமிஷன் கடைக்காரர்கிட்டத்தான் போய் நிப்போம். ஐந்நூறு, ஆயிரம்னு வாங்கினது மொத்தமா இருபதாயிரம் ஆயிரும்.”

கடனுக்கு வட்டி மட்டும் கொடுத்தால் போதாது. மிளகாயை அந்தக் கடைக்கேதான் போட வேண்டும். அவர் சொன்னதுதான் விலை, அவர் கழித்ததுதான் கழிவு. இந்தக் கட்டு எவ்வளவு கனம் என்பது மிளகாய் போட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது எப்படி என்றேன். “கடன் இல்லாமப் போகலை. பாதியாச்சு. வீட்டுச் செலவுக்குக் கடைக்குப் போறதில்லை, விதைக்கும் கூலிக்கும் மட்டும்தான். போன வருசம் மூணு மூட்டைய வீட்டிலேயே வச்சிருந்து வேற கடையில விலை கேட்டு வித்தேன். கல்யாணம் ஆன நாள்லருந்து அதுதான் முதத் தடவை.”

வாசகருக்கு என் பதில் இந்த மூன்று மூட்டைதான். ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை. ஆனால் தேதி தவறாமல், யார் வாசலிலும் நிற்காமல் வருகிறது. ஒரே தடவையில் பன்னிரண்டாயிரமாகக் கொடுத்திருந்தால் கார்த்திகை மார்கழிக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று அந்த அக்காவே சொன்னார். பக்கத்துக் களத்துக்காரர் ஐந்து மாதப் பணத்தைச் சேர்த்து ஒரு பெட்டை வெள்ளாட்டுக் குட்டி வாங்கியிருக்கிறார். அதை என்னிடம் காட்டாமல் விடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் மாதம் வந்த ஆயிரத்தில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்களாம். மறுநாளே தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்கிவிட்டார்.

பெரிய குறை வேறு. மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய், ஆண்டுக்கு 6,000. அது நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். இவர் உழும் நிலத்தின் பட்டாதாரர் திருப்பூரில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. பணம் அங்கே போகிறது. நிலத்துக்காரர் கெட்டவர் அல்ல. நல்ல நாளில் சேலை எடுத்துக் கொடுக்கிறாராம்.

கிளம்பும்போது ஒரு பை மிளகாயைக் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை.

“உங்க புத்தகத்துல கேள்வி பதில் வருதாமே தம்பி. குத்தகைக்கு உழுகிறவளுக்கு அந்த ரெண்டாயிரம் வர என்ன வழின்னு எம் பேரு போடாமக் கேளுங்க.”

விதி இன்று இருக்கிறபடி வழி இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். “அப்பயும் கேளுங்க” என்றார்.

கேட்டுவிட்டேன்.