டொக்டரைக் கொண்டுபோன ஏப்ரல்

வவுனியாவுக்கு மேற்கே, குளக்கட்டுக்கு அப்பால் காடு வெட்டித் திறந்த வெளியொன்றில் எங்கள் பாலர் பாடசாலை இருந்தது. காட்டுத்தடி நட்டு, கிடுகால் வேய்ந்த கொட்டில், சுவர் இல்லை. விடிந்ததும் முதல் வேலை அடுப்பு மூட்டுவது. அலுமினியப் பானையில் தண்ணீர் கொதித்து இறங்கியதும் பால்மாவைக் கட்டிபடாமல் கரைப்போம். ஈரவிறகுப் புகையோடு அந்தப் பால் மணம் எழும்பினால் போதும், குடிசைகளிலிருந்து பிள்ளைகள் ஆளுக்கொரு தகரப்பேணியோடு ஓடி வருவார்கள். தலைமயிர் செம்பட்டை பற்றி, வயிறு முன்தள்ளிய பிள்ளைகள். முதல் கிழமைகளில் பாலைக் குடித்துவிட்டு அப்படியே மண்ணில் சரிந்து நித்திரையாகிவிடுவார்கள். அரிச்சுவடியும் கையுமாக நான் செய்வதறியாது நிற்பேன். "நித்திரை கொள்ளட்டும் பிள்ளை. பசி தீர்ந்த நித்திரை அதுகளுக்குப் புதுசு" என்றார் எங்களைப் பயிற்றுவித்த அக்கா.

அது 1982. எனக்குப் பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து, வீட்டில் அழுது சண்டைபிடித்து, காந்தியம் இயக்கத்தின் பாலர் பாடசாலை ஆசிரியையாக வன்னிக்கு வந்திருந்தேன். அதுவரைக்கும் மலையகத்து மனிதர் ஒருவரோடு கூட நான் ஆறுதலாக இருந்து கதைத்ததில்லை.

அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்குபிரித்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது உடுத்த உடுப்போடு வடக்கே ஓடிவந்தார்கள். 1981 கலவரத்தில் மறுபடியும் பலர் ஓடிவந்தார்கள்.

கொட்டிலுக்குப் பக்கத்துக் குடிசையில் ஒரு பாட்டி இருந்தார். ஓடிவரும்போது அவர் எடுத்துவந்தது, செத்துப்போன புருஷனின் கவ்வாத்துக் கத்தி ஒன்றுதான். தேயிலைச் செடியின் விரல்மொத்தக் கிளையைச் சீவுவதற்கென்று அடித்த, நுனி வளைந்த கத்தி. அதை வைத்துக்கொண்டு, வீரையும் பாலையும் நிற்கிற காட்டில் பற்றை வெட்டினார். மரப்பிடியில் இரண்டு பேருடைய உள்ளங்கையும் தேய்த்த பள்ளம் இருந்தது. அந்த நிலத்தில் முதற்போகம் குரக்கன் விளைந்தபோது ஒரு கதிரைக் கசக்கி, ஊதி, மணிகளை என் கையில் கொட்டினார். "எங்க மண்ணுல வெளஞ்சது டீச்சர். இதுக்குக் கங்காணிகிட்ட கணக்குச் சொல்லத் தேவையில்ல." வாழ்நாள் முழுக்க அவர் நிறுத்துக் கொடுத்த கொழுந்தில் ஒரு இலைகூட அவருடையதாக இருந்ததில்லை.

காந்தியத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் எஸ்.ஏ. டேவிட், கட்டடக்கலைஞர். கரம்பனில் பிறந்து, மெல்பேர்னில் படித்தவர். கலியாணம் கட்டாதவர். மற்றவர் டொக்டர் இராஜசுந்தரம். அவரும், மருத்துவரான அவருடைய மனைவியும் வவுனியாவில் இருந்து சனங்களைப் பார்த்தார்கள். குடியேற்றங்கள், பாலர் பாடசாலைகள், நடமாடும் மருத்துவம், கிணறு வெட்டு, விதைநெல் என்று இரண்டு பேரும் தங்கள் உழைப்பையெல்லாம் இந்தச் சனங்களுக்குப் போட்டார்கள். ஒக்ஸ்பாம், நோவிப் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் உதவின. மலேரியாக் காலத்தில் குடியேற்றத்துக்கு மருத்துவ வாகனம் வரும். குளிசையின் கைப்பு நாக்கில் படும் முன்னமே பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். டொக்டர் வருகிற நாளில் ஆண்கள் வேலைக்குப் போக மாட்டார்கள். தங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட ஒரு பெரிய மனிதரை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. தோட்டத்தில் அவர்களுக்குப் பேர் நம்பர்தான்.

இப்போது நான் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறேன். நோர்தேர்ன் லைன் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் வானத்தை மறைக்கிற உயர்ந்த கட்டடம் ஒன்று நிற்கும். கொஞ்சம் நடந்தால் வாண்டில் ஆறு. அடுத்த நிலையம் டூட்டிங் புரோட்வே. முருங்கைக்காயும் பனங்கட்டியும் அங்கே வாங்கலாம். ஆற்றுக்குக் கிட்ட, பெரிய வீதிக்கு அடியில், மேர்ட்டன் மடாலயத்தின் அத்திவாரக் கற்கள் கிடக்கின்றன. மூன்றாம் ஹென்றி மன்னனும் பிரபுக்களும் 1236இல் கூடி இயற்றிய மேர்ட்டன் சட்டம் இந்த மண்ணில்தான் பிறந்தது. இங்கிலாந்தின் மிகப் பழைய சட்டங்களில் ஒன்று. அதன் முதலாவது பிரிவு, கணவனை இழந்த பெண்ணுக்குச் சேரவேண்டிய நிலத்தைப் பற்றியது. அதை முதன்முதலாக வாசித்த அன்று கவ்வாத்துக் கத்திப் பாட்டி என் முன்னால் வந்து நின்றார்.

எங்கள் நாட்டிலும் சட்டம் இருந்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிகமானது என்றுதான் கொண்டுவந்தார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். குற்றம் சாட்டாமல், நீதிபதி முன் விசாரணைக்கு நிறுத்தாமல், அமைச்சரின் கட்டளையில் ஒருவரை 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஓர் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலத்தையே அவருக்கெதிரான சாட்சியாக்கலாம். அந்த வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்பதை உள்ளே போனவர்களின் உடம்பு சொல்லும்.

1983 ஏப்ரல் தொடக்கத்தில் டேவிட் ஐயாவையும் டொக்டரையும் அந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். காந்தியத்தின் போர்வையில் ஆயுதப் போராளிகள் ஒளிந்திருக்கிறார்கள் என்றது அரசு. காந்தியத்தில் வேலை செய்த இளைஞர்களில் சிலருக்கு ஆயுத இயக்கத் தொடர்பு இருந்தது உண்மைதான். ஆனால் நான் கண்டது பால்பானையும் மண்வெட்டியும்.

எங்கள் பக்கம் ஒரு பின்னிரவில் ஜீப்புகள் வந்தன. வெளிச்சம் கிடுகுக்குள்ளால் பாய்ந்தது, நாய்கள் குரைத்தன, பிறகு ஒரு நாய் மட்டும் குரைத்தது, பிறகு அதுவும் இல்லை, யாரோ என் தலைமயிரைப் பிடித்து எழுப்பினார்கள், பிள்ளைகளின் இடாப்பைக் கேட்டார்கள், கொடுத்தேன், பெயர்களையெல்லாம் ரோச் வெளிச்சத்தில் பார்த்தார்கள், பால்மா மூட்டையைக் கத்தியால் கிழித்துக் கொட்டினார்கள், ஆண்களைக் குந்த வைத்தார்கள், மூன்று பேரை ஏற்றினார்கள், போய்விட்டார்கள். விடிந்தபோது கொட்டிலின் மண்தரை வெள்ளையாகக் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தார்கள். தாய்மார் தடுக்கவில்லை.

மூன்று பேரில் ஒருவர் கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். நடந்து வரவில்லை, மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கால் இரண்டும் வீங்கி, தோல் மினுங்கியது. பாட்டி சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுத்தார். அந்த மனிதர் கத்தவில்லை. "என்னைய என்னமோ கேட்டாங்க டீச்சர். சிங்களத்துல கேட்டாங்க. எனக்குப் புரியல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கந்தப்பளைப் பக்கத்திலிருந்து வந்தவர். தன் வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டுப் பாகல் வளர்த்ததைத் தவிர வேறெந்த இயக்கத்திலும் அவர் இருந்ததில்லை.

யூன் 1ஆம் திகதி விமானப்படையினர் வவுனியா நகரத்துக் கடைகளை எரித்தார்கள். யூலை கடைசியில் தமிழருக்கெதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. ஊரடங்கு. பஸ் இல்லை, கடிதம் இல்லை. குளக்கட்டில் ஒரு வீட்டில் மட்டும் றேடியோ இருந்தது. இரவு பிபிசி தமிழோசை கேட்க எல்லாரும் அங்கே கூடுவோம். மண்ணெண்ணெய் விளக்கைத் தணித்துவிட்டு, பெரியவர்கள் றேடியோவுக்குக் கிட்டக் குனிந்து இருப்பார்கள். அலைவரிசை இரைந்து இரைந்து வரும். அப்படித்தான் வெலிக்கடைச் செய்தியைக் கேட்டோம்.

யூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் தமிழ்க் கைதிகள் 35 பேரைக் கொன்றார்கள். கொன்றவர்கள் அதே சிறையில் இருந்த கைதிகள். பூட்டுகள் எப்படித் திறந்தன, பொல்லுகளும் இரும்புக் கம்பிகளும் எப்படிக் கைக்கு வந்தன என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை, யாரும் தண்டனை பெறவுமில்லை. தப்பியவர்களை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். 27ஆம் திகதி கொலைகாரர்கள் அங்கேயும் வந்தார்கள். அன்று 18 பேர். அந்த 18 பேரில் எங்கள் டொக்டர் ஒருவர். கூட்டம் வாசலுக்கு வந்தபோது அவர் முன்னால் போய் மன்றாடினார் என்றும், அவரை இழுத்து அடித்தார்கள் என்றும் உயிர் தப்பியவர்கள் பின்னர் சொன்னார்கள். இரண்டு நாளும் சேர்த்து 53 பேர்.

றேடியோவை நிற்பாட்டிய பிறகு நெடுநேரம் யாரும் எழும்பவில்லை. பாட்டிதான் கேட்டார். "அய்யாவ உள்ளுக்கு வச்சிருந்தது கவர்மெண்ட்டுதானே. அப்ப காவல் யாரு?" நான் எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துவிட்டேன். அந்தக் கேள்வியைத் தாண்டி ஒன்றும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

டேவிட் ஐயா தப்பினார். எஞ்சியவர்களை மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். செப்டெம்பர் 23ஆம் திகதி நடந்த சிறையுடைப்பில் அவரும் வெளியே வந்து, பிறகு தமிழ்நாட்டுக்குப் போய், சென்னையில் பல பத்தாண்டுகள் தனியாக வாழ்ந்தார். 2015இல் ஊர் திரும்பி, அந்த ஆண்டே ஒக்டோபரில் கிளிநொச்சியில் கண்மூடினார்.

தலைவர்களைச் சிறைவைத்த கதை இதோடு முடிந்துவிடும். சனங்களின் கதை முடியவில்லை. 1984இல் கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்ற இரண்டு காந்தியக் குடியேற்றங்களிலிருந்தும் மலையகக் குடும்பங்களைப் படையினர் வெளியேற்றினார்கள். அவர்கள் வெட்டிய கிணறும் நட்ட மரமும் இருந்த அந்தப் பண்ணைகளில் சிங்களக் கைதிகளைக் கொண்டுவந்து திறந்தவெளிச் சிறைச்சாலை அமைத்தார்கள். நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அங்கே புகுந்து கைதிகளையும் அவர்களுடைய குடும்பத்தவர்களையும் கொன்றார்கள். அந்தக் கைதிகளும் யாரோ ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய சனங்கள்தான். அவர்களுக்காகவும் நான் அழுதிருக்கிறேன். அழக்கூடாது என்று சொன்னவர்களிடம் காரணம் கேட்டிருக்கிறேன்.

எங்கள் குளக்கட்டுக் குடியேற்றமும் கலைந்தது. சிலர் மடுப் பக்கம், சிலர் படகில் இந்தியாவுக்கு. பாட்டி போன இடம் எனக்குத் தெரியாது. நான் யாழ்ப்பாணம் போய், கொழும்பு போய், எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் பிள்ளைகளுக்குப் பரிமாறும் வேலையிலேயே என் லண்டன் வாழ்க்கை கழிந்தது.

எங்கள் தெருவில் இருக்கிற அண்ணன் ஒருவர் காலியிலுள்ள பூசா தடுப்பு முகாமில் இருந்தவர். 1987 மேயில் வடமராட்சியைச் சுற்றிவளைத்த இராணுவம் இளம் ஆண்களை ஆயிரக்கணக்கில் பிடித்துக் கப்பலில் காலிக்கு ஏற்றியது. அவருக்கு அப்போது பதினேழு வயது. இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தார். எந்த அறையில் இருந்தாலும் கதவைச் சாத்தமாட்டார். பனிக்காலத்திலும் அவர் வீட்டு உட்கதவுகள் திறந்தேதான் கிடக்கும். "குளிருது அப்பா" என்று பிள்ளைகள் சொன்னால், இன்னொரு போர்வை எடுத்துக் கொடுப்பார். கதவு சாத்தப்படாது.

அந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 2006இல் எழுதிய கட்டுரைகளுக்காக ஊடகவியலாளர் ஜே.எஸ். திசைநாயகத்தை 2008 மார்ச்சில் பிடித்து, 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 ஆண்டுக் கடூழியச் சிறை என்று தீர்ப்பளித்தார்கள். உலகம் குரல் கொடுத்ததால் அடுத்த ஆண்டு மன்னிப்பு வந்தது. 2020 மேயில், தமிழில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்ட அஹ்னாப் ஜசீம் என்ற இளைஞரைப் பிடித்தார்கள். பிணை கிடைக்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. 2023 டிசம்பரில் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். போன வருடங்களைத் திருப்பிக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, 18 மாதத்தை 12 மாதமாக்கினார்கள். வியட்நாமில் பாம் டோவான் ட்ராங் என்ற பெண் எழுத்தாளருக்கு 2021 டிசம்பரில் 9 ஆண்டுச் சிறை கொடுத்த செய்தியை இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கேட்டபோது, அந்த ஊர்ப் பெயர்களை எனக்கு உச்சரிக்க வரவில்லை. ஆனால் அரசுக்கு எதிரான பிரசாரம் என்ற குற்றச்சாட்டு எனக்கு நன்றாகத் தெரிந்த குற்றச்சாட்டு.

ஒவ்வொரு யூலையும் இங்கே எங்கள் சனங்கள் கூடி வெலிக்கடையை நினைவுகூருகிறார்கள். எப்படிக் கொன்றார்கள் என்று மேடையில் பேசுவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் கூட்டம் முடிந்து என்னிடம் வந்து, "அவை என்ன செய்தவை அன்ரி?" என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பால்பானையைச் சொல்வேன். இடாப்பில் தன் பேரைக் கண்டு சிரித்த பிள்ளையைச் சொல்வேன். நிலமே இல்லாதவர்களுக்கு ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, இது உன்னுடையது என்று சொன்னார்கள். அந்த ஒன்றைத்தான் ஓர் அரசாங்கத்தால் பொறுக்க முடியவில்லை என்பேன்.

53 கொலைகளுக்கு ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. எங்கள் குடியேற்றத்தில் நடந்ததைப் பற்றி எந்த ஆணைக்குழுவும் என்னிடம் கேட்டதில்லை. என் கண் இன்னும் மங்கவில்லை. அந்த இரவில் வந்த ஜீப்புகளும், பெயர் பெயராக அந்த இடாப்பும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. கூப்பிட்டால் போவேன். எந்த நாட்டு நீதிமன்றம் என்றாலும் போய்ச் சாட்சி சொல்வேன்.